அஞ்சாம் தேதியா, ஏழாம் தேதியா

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் சிக்கனத்தைப் பற்றி ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறார்கள். கடன் கொடுத்து வயிறு வளர்க்கும் கம்பெனி, சிக்கனம் சொல்லித்தர வந்துவிட்டது. அதன்மேல் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன்.

எழுதச் சொன்னது டாக்டரம்மா. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது என்று போனேன். ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஏதாவது கவலையா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "சும்மா ரெண்டு வரி எழுதிப் பாருங்க, மனசு லேசாகும்." இதைச் சொல்ல ஃபீஸ் வேறு.

என் வேலை, பாக்கி வைத்தவர்களுக்குப் போன் போட்டுப் பணம் கேட்பது. ஹெட்செட்டைக் காதில் மாட்டினால் மெஷினே நம்பரைச் சுழற்றிக் கொடுக்கும். பேசுவது மட்டும் நாங்கள். ஆபீசில் என்னைத் 'தேதியக்கா' என்பார்கள். என் போனை எடுத்தவர் தேதி சொல்லாமல் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டால் கதைதான் வரும். ஒருவருக்கு இந்த வருஷத்திலேயே மாமனார் மூன்று முறை செத்திருக்கிறார். நான் அப்படிக் கேட்பதில்லை. "அஞ்சாம் தேதியா, ஏழாம் தேதியா?" அவ்வளவுதான். இரண்டில் ஒன்று தானாக வாயில் வந்து விழும். தேதி சொல்லிவிட்டுக் கட்டாவிட்டால், மறுநாளே பெயர் வீட்டுக்கு ஆள் அனுப்பும் பிரிவுக்குப் போய்விடும். எந்தக் கம்பெனியானாலும் இதுதான் வழக்கம்.

மத்தியானம் சாப்பிடும்போது என் சொந்தப் போன் நடுங்கியது. எடுக்கவில்லை. கைப்பைக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

சரி, டாக்டரம்மா கேட்டதற்காக எழுதுகிறேன். எனக்கும் கடன் இருக்கிறது. வேறொரு கம்பெனியில். முடிகிற கட்டம்தான். நாலு தவணை பாக்கி. வீட்டில் இவருக்குத் தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று எடுத்தேன். எடுக்காமல் விட்டால் அடுத்து இவர் நம்பருக்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு சின்னப் பெண். கீச்சுக் குரல். என் பெயரைச் சொல்லி, "மேடம் இருக்காங்களா?" என்றாள். யோசிக்கவே இல்லை. "அக்கா வெளிய போயிருக்காங்க. நான் அவங்க தங்கச்சி" என்றேன். எனக்குத் தங்கை கிடையாது.

"சாரி மேடம். தொந்தரவுக்கு சாரி. அக்கா எப்ப வருவாங்க, சாரி, அவங்க வேற நம்பர் எதாவது?" ஒரே மூச்சில் மூன்று சாரி! கடைசியில், "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாளே பார்க்கணும். வசூலுக்குப் போன் போட்டவள் கேட்கிற கேள்வியா இது? என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கீச்சு என்று பெயர் வைத்துவிட்டேன்.

போனை வைத்த பிறகு அதை அணைத்துக் கைப்பைக்குள் ஆழமாகப் புதைத்தேன். இந்தக் கீச்சுவுக்கா இவ்வளவு பயம்?

மார்ச் 6, வியாழன்

மாடி வீட்டுக்காரர் இவரிடம் கைமாற்றுக் கேட்டு வந்தார். பணத்தைக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இவர் பெருமையைக் கொடுத்தார். முக்கால் மணி நேரம்.

"லிஃப்ட் மெக்கானிக் சம்பளம் என்ன பெரிய சம்பளம் சொல்லுங்க. ஆனா இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் பத்து பைசா பாக்கி கிடையாது. நாங்க ரெண்டு பேருமே அப்படித்தான். வேணும்னா இவளையே கேளுங்க."

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சிரித்தேன். சிரிக்காமல்?

கேட்பவர்களுக்கெல்லாம் இதே பிரசங்கம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், பல் டாக்டர், யாரையும் விடுவதில்லை. மனிதருக்கு இருக்கும் ஒரே நகை இது, போட்டுக்கொண்டு சுற்றுகிறார். அதைத்தான் அவருக்கே தெரியாமல் அடகு வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பியைப் பார்க்க.

இந்தக் கடனே அவனுக்காக வாங்கியது. ஜிம் வைக்கிறேன் என்றான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கென்னடி, மாசாமாசம் சம்பளம் வருது, உன் பேர்ல வாங்கிக் குடு, அவன் கட்டிடுவான்" என்றாள். கட்டினான், சில மாதம். ஜிம்மும் சில மாதம்தான். அப்புறம் முடிந்தவரை நான் கட்டினேன். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியது இவர். "சொந்தக் காசுல தொழில் பண்றான் பாரு, கத்துக்கோ" என்று எனக்கே புத்திமதி சொன்னார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கைதட்டினேன்.

இப்போது ஜிம் அம்மா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஓடுகிற மெஷின் மேல் அம்மாவின் புடவை காய்கிறது. எடைத் தட்டுகளைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி புது ஷூ போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தான்.

"தவணை என்னடா ஆச்சு?"

"அக்கா, நீ முதல்ல நெகட்டிவா யோசிக்கிறத நிறுத்து. உன் முகமே சரியில்ல. ஸ்ட்ரெஸ்தான் எல்லாத்துக்கும் காரணம்."

"ஸ்ட்ரெஸுக்கு யாருடா காரணம்?"

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "அவனே நொந்து போயிருக்கான், நீ வேற ஏன்டி?" நொந்து போனவன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, அந்தப் புது ஷூவை ஆட்டிக்கொண்டிருந்தான். மெஷின்களை விற்கலாமே என்றேன். "அது அவன் கனவுடி" என்றாள் அம்மா. அந்தக் கனவின் மேல்தான் உள்பாவாடை காய்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீசில் மன அழுத்தம் போக்கும் வகுப்பு. ஊருக்கெல்லாம் மன அழுத்தம் கொடுக்கிற ஆபீஸ் இது. எங்களுக்கு மட்டும் போக்குகிறார்களாம்.

ஒரு அம்மாள் வந்து ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். "உங்க கவலையை எல்லாம் இதுக்குள்ள ஊதுங்க." ஊதினார்கள். கிழக்குப் பக்க ஜன்னல் வரிசையில் எல்லோருக்கும் உடைகிற அளவுக்குக் கவலை. என் பலூன் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நின்றுவிட்டது. மூச்சு வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரி, "தேதியக்காவுக்குக் கவலையே இல்லப்பா" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அப்புறம் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூச்சு ஏன் வரவில்லை?

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு தையல்காரர் மாட்டினார். ரொம்ப நாள் பாக்கி. போன வாரம் வரை என் குரலைக் கேட்டாலே குசுகுசுவென்று பேசுவார். "மேடம், வீட்டுல ஆள் இருக்காங்க, அப்புறம் கூப்பிடுறேன்." அந்தக் குசுகுசுப்புதான் எங்களுக்குப் பிடி. அது இருக்கும்வரை ஆள் எங்கேயும் போக முடியாது.

இன்று சத்தமாகப் பேசினார். பின்னால் தையல் மெஷின் ஓடும் ஓசை.

"வீட்டுல சொல்லிட்டேம்மா. நேத்து சொன்னேன். ரெண்டு பாத்திரம் பறந்துச்சு. இனிமே நீங்க எப்ப வேணா கூப்பிடலாம். என் சம்சாரத்துக்கிட்ட கூட பேசலாம், இங்கதான் இருக்கு."

"சரி, அஞ்சாம் தேதியா, ஏழாம் தேதியா?"

"கையில இருந்தாத்தானே தேதி? வந்ததும் நானே போன் பண்றேன். வெச்சிடட்டுமா?"

வைத்தேவிட்டார். என்னிடமே! பெரிய அரிச்சந்திரன் என்று நினைப்பு. இரண்டு பாத்திரம் பறந்ததைப் பதக்கம் வாங்கியதுபோல் சொல்கிறார். மத்தியானம் முழுக்க அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டி முடிக்கவே முடியவில்லை.

மார்ச் 15, சனி

எங்கள் வீட்டில் எறிகிற மாதிரி இரண்டு பாத்திரம்தான் இருக்கிறது. இரண்டும் கண்ணாடி.

மார்ச் 18, செவ்வாய்

ஐயோ. என்ன காரியம் செய்துவிட்டேன்.

கீச்சு கூப்பிட்டாள். ஆபீஸ் மாடிப்படியில் நின்று எடுத்தேன். வழக்கம்போலத் தங்கச்சி வேஷம். இன்று அவள் குரல் கம்மியிருந்தது.

"மேடம், உங்க அக்கா எப்பதான் வருவாங்க? எங்க லீடர் எல்லார் முன்னாடியும் திட்டுறாரு. நான் வேலைக்கு லாயக்கே இல்லையாம். ப்ளீஸ் மேடம், அக்கா எப்ப கட்டுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. கடன் கொடுத்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கெஞ்சுகிறாளே! யார் இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறார்கள்? என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"இங்க பாரு. எப்ப கட்டுவீங்கன்னு கேட்டா எவளும் சொல்ல மாட்டா. ரெண்டு தேதி குடுக்கணும். அஞ்சாம் தேதியா, ஏழாம் தேதியான்னு கேக்கணும். கேட்டுட்டு நீ வாயே திறக்கக் கூடாது. எதிர்ல இருக்கறவதான் பேசணும்."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம். பிறகு தயங்கித் தயங்கி—

"அப்ப… அஞ்சாம் தேதியாக்கா, ஏழாம் தேதியாக்கா?"

 சொன்னபடியே வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

"ஏழு" என்றேன்.

நான்! தேதியக்கா!

"தேங்க்ஸ்க்கா" என்றாள் கீச்சு. "தங்கச்சி இப்படிப் படக்குன்னு தேதி சொல்ல மாட்டாங்க. நீங்கதான் அவங்கன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. ஏப்ரல் ஏழுன்னு போட்டுக்கறேன்."

ஊரையே தேதி சொல்ல வைத்தவள், நானே பாடம் எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். ஏழாம் தேதி கட்டாவிட்டால் எட்டாம் தேதி வாசலில் ஆள் நிற்பான். எப்படி நிற்பான், எவ்வளவு சத்தமாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், மாடி வீட்டு ஜன்னல் எப்படித் திறக்கும் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. நானே அனுப்பியிருக்கிறேனே.

மார்ச் 19, புதன்

நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் பலூன் அம்மாள் சொன்னதுபோல மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக மூச்சை விட்டேன். கொஞ்சம் அடங்கியது. அந்த அம்மாளுக்கு இது தெரியவே கூடாது.

மார்ச் 23, ஞாயிறு

ஆபீசில் கடன் கேட்கலாம் என்றால், வெளியே பாக்கி வைத்தவளை இந்தப் பிரிவில் ஒருநாள் கூட உட்கார வைக்க மாட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரி ஏற்கெனவே என்னிடமே கைமாற்றுக் கேட்டவள்.

தம்பிக்குப் போன் செய்தேன். "எட்டாம் தேதி வீட்டுக்கு ஆள் வருவாங்கடா."

"யார் வீட்டுக்கு?"

"என் வீட்டுக்கு."

"அப்பாடா" என்றான். வாய் தவறி வந்ததுதான். ஆனால் வந்ததே. "இல்லக்கா, அம்மாவுக்கு பிரஷர் இருக்கில்ல, அதான்…" என்று அசடு வழிந்தான். வைத்துவிட்டேன்.

எனக்கு மட்டும் என்ன இருக்கு? எனக்குப் பிரஷர் வந்தா யாருக்கும் சுடாது. நான்தான் சம்பளம் வாங்கறவளாச்சே.

மார்ச் 28, வெள்ளி

எங்கள் டீம் லீடர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் போனில் பேசிய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண்மணி குசுகுசுவென்று, கணவருக்குத் தெரிந்தால் செத்தேன் என்கிறாள். அதற்கு நான் சொல்கிறேன்: "அவர்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

"தேதியக்கா, இது நீங்கதானா? சொல்லிட்டா அப்புறம் அவங்க எதுக்குங்க நமக்குப் பயப்படணும்?" என்றார் லீடர்.

இந்த ஆள் தன் ஆயுசிலேயே சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை இதுதான்.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன். இவர் தரையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்ன, சொல்லேன். காலைலேர்ந்து பின்னாடியே சுத்திட்டு இருக்க" என்றார்.

ஆபீஸ் குரலில்தான் வந்தது. வேறு குரல் எனக்கு மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. "தம்பி ஜிம்முக்கு நான்தாங்க கடன் வாங்கிக் குடுத்தேன். என் பேர்ல. நாலு தவணை பாக்கி. திங்கக்கிழமை கட்டலன்னா வீட்டுக்கு ஆள் வருவாங்க."

எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக மூடியில் போட்டார்.

"ரிப்பன் வெட்ட என்னைத்தானே கூப்பிட்டான்?"

"ஆமாங்க."

"அன்னிக்கு மாடி வீட்டுக்காரர்கிட்ட நான் பேசினேனே. இவளையே கேளுங்கன்னு சொன்னேனே. நீ சிரிச்ச."

இதற்கு நான் என்ன சொல்ல? எத்தனை பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். 

"கடன் இருக்கட்டும். வாங்காதவன் யாரு. ஊர்ல எல்லார்கிட்டயும் நான் கோமாளி மாதிரி பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன், நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்திருக்க."

பாத்திரம் ஏதாவது எறிவார் என்று பார்த்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிரித்த இஸ்திரிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். எத்தனையோ மாதம் கழித்து, மூச்சு வாங்காமல், நிம்மதியாக அழுதேன்.

இருட்டுவதற்கு முன்பே தூங்கிப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரவு எப்போதோ இவர் திரும்பியிருந்தார். காலையில் இஸ்திரிப் பெட்டியைப் பூட்டி முடித்தார். பிறகு, "கிளம்பு" என்றார். கீழே வேன் நின்றது. உள்ளே இவரோடு லிஃப்ட் வேலை பார்க்கும் இரண்டு பேர், கயிறு, கோணி.

அம்மா வீட்டில் இவர் குரலை உயர்த்தவே இல்லை. மெஷின் மேலிருந்த புடவைகளை மடித்து அம்மா கையில் கொடுத்தார். "இதை மட்டும் எடுத்துக்கங்க அத்தை" என்றார். அம்மா பிணம் எடுக்கிற வீடுபோல அழுதாள். நான் தவணை கட்டிய மாதங்களில் அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை.

ஓடுகிற மெஷினைப் படியில் இறக்குவதற்குள் மூன்று பேருக்கும் விழி பிதுங்கிவிட்டது. தம்பி மேலே கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நின்றான். "முதுகை வளைக்காதீங்க மாமா. முழங்காலை மடக்கித் தூக்கணும்" என்றான். இவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தான். வாங்கிய ஷூவுக்கு இன்றுதான் வேலை வந்தது.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் விற்றோம். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. இரண்டு தவணைக்குப் போதும்.

வேனில் திரும்பும்போது இவர் பேசிய ஒரே வார்த்தை: "இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

நம்பினாரா தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

இந்தத் தடவை நானே கீச்சுவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு தவணை இன்னிக்கு. மீதி ரெண்டு அப்புறம்."

"மீதி பன்னெண்டாம் தேதியாக்கா, பதினஞ்சாம் தேதியாக்கா?" கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் இருந்தாள். தேறிவிட்டாள். சாரி ஒன்றுகூட இல்லை.

"ரெண்டும் கிடையாது. மாசத்துக்கு ஒண்ணு, சம்பளம் வந்த மறுநாள். எழுதிக்கோ. இனிமே ஆள் அனுப்பினா வீட்டுக்காரரே காபி குடுத்து உக்கார வைப்பார்."

"வீட்டுல சொல்லிட்டீங்களாக்கா?"

"ஏன், வேணும்னா அவர்கிட்டயே பேசறியா?" என்றேன், கொஞ்சம் உரக்கவே. தையல்காரர் குரல் மாதிரி இருந்தது. அந்த ஆளை இனி திட்ட முடியாது.

ஏப்ரல் 16, புதன்

இவர் பேசுகிறார். உப்பு, கரண்டு பில், சாவி. அதற்கு மேல் இல்லை. கீச்சுவிடம் தங்கச்சி வேஷம் போட்டதையும் சொன்னேன், சிரிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாடி வீட்டுக்காரர் வாசலில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவர், "இன்னிக்கு வரைக்கும் யாருக்கும்…" என்று ஆரம்பித்தார். வாசகத்தை முடிக்கவில்லை. செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

எத்தனை தடவை மனசுக்குள் கேலி செய்திருப்பேன் அந்த வாசகத்தை. பாழாய்ப்போன வாசகம், அவர் அதை முழுசாகச் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

மே 10, சனி

சம்பளம் வந்து இரண்டு நாள் ஆகிறது, தவணையை நேற்றே கட்டியிருக்க வேண்டும். ஆபீசில் நேரமில்லை, மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதும்போதே ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட மறக்காமல் இருந்த விஷயம்.

போன் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. நான் துணி அலசிக்கொண்டிருந்தேன், முழங்கை வரை சோப்பு. மணி அடித்தது. முன்பென்றால் ஈரக் கையோடு ஓடிப்போய்க் கவிழ்த்திருப்பேன். இவர் எட்டிப் பார்த்தார். எடுத்தார்.

"ஹலோ… ஆமா, அவங்க நம்பர்தான்."

குழாயை மூடினேன்.

"தங்கச்சி இல்லைங்களே, ஊருக்குப் போயிருக்காங்க" என்றார் இவர், முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டு. "அக்காதான் இருக்காங்க. பரவாயில்லையா?"

பாத்ரூம் வாசலில் வந்து போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். என் கையில்தான் சோப்பு இருந்ததே.